ஆயில் லைனும் அக்காவின் மூக்கும்

பக்கத்து ஷெட்டில் ஸ்பேனர் விழுந்தது. சிமென்டுத் தரையில் இரும்பு விழுந்து, இரண்டு துள்ளுத் துள்ளி, சுவரோரம் போய் அடங்கியது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் காலை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். சத்தத்துக்குப் பின்னால் வரவேண்டிய திட்டு இன்னும் வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தால் ஸ்பேனருக்குத் திட்டு விழும். "கையில இருந்தா உனக்கு வலிக்குதா? கீழ படுத்தாத்தான் சுகமா?" என்று ஆரம்பித்து அதன் வம்சத்தையே இழுப்பார். கல்யாணமான புதிதில், யாரையோ அடிக்கப் போகிறார் என்று பயந்து ஓடிப்போய் எட்டிப் பார்த்தவள் அவள். மனுஷன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஷெட்டில் திட்டுச் சத்தம் கேட்டால், அவர் நன்றாக இருக்கிறார் என்று அவளுக்கு அர்த்தம்.

இன்று ஷெட் வாயடைத்துக் கிடந்தது.

அவள் தைக்கும் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் கதவில்லாத ஒரு சதுர ஓட்டை உண்டு. வண்டிகளிலிருந்து கழற்றிய சீட்டுகளை அவர் அந்த வழியாகத் தள்ளுவார். கிழிந்த ரெக்சினைப் பிரித்துப் புதுசு தைத்து அவள் திருப்பித் தள்ளுவாள். அவர்கள் குடும்பத்தின் பாதிப் பேச்சு அந்த ஓட்டை வழியாகத்தான் நடந்திருக்கிறது. அவள் எழுந்து போய் அதில் தலையை நீட்டினாள்.

தம்பியின் பிக்கப் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அடியில் விரித்திருந்த அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஈரம். வண்டிக்கு அடியிலிருந்து வீட்டுக்காரரின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சின்னவன் மட்கார்டில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

சின்னவன் அவள் கூடப் பிறந்தவன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போதே அவனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "சீதனமா வந்தவன்" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரே தவிர, ஒருநாளும் ஒரு வாய்ச் சோற்றில் வித்தியாசம் காட்டியதில்லை. அவர்களுக்கென்று குழந்தை பிறக்கவில்லை. பிறக்கவில்லையே என்று ஏங்கக்கூட இவன் இடம் கொடுத்ததில்லை, அவ்வளவு சேட்டை. இப்போது அவனுக்கே கைக்குழந்தை இருக்கிறது. நாக்கு நீளம் மட்டும் குறையவில்லை.

"மாமா, நேத்து நீங்க போட்ட பேக்கிங் ரொம்ப நல்ல பேக்கிங். ஆயில் வெளிய போகணும்னு ஆசப்பட்டா தடுக்கவே மாட்டேங்குது."

அடியில் ஏதோ இரும்பு உரசியது.

"ஊருல இருக்கறவனெல்லாம் உங்க மூக்க நம்பி வண்டி வாங்குறான். எனக்கு மட்டும் ஏன் மாமா ஓரவஞ்சன? மூக்கடைப்பா?"

கால்கள் அசையவில்லை. அவளுக்குத்தான் நெஞ்சில் யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது.

தெருவில் அவருக்குப் பேரே 'மூக்கு'தான். ஷெட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "மூக்குகிட்ட விடு, சொல்லிடுவாரு" என்பார்கள். வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் தூக்குவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கண்ணை மூடி, குழந்தையின் உச்சந்தலையை மோந்து பார்ப்பது போல மெதுவாகக் குனிவார். "தண்ணி கசியுது, பம்ப் பக்கம்" என்பார். "கிளட்ச் எரிஞ்சிருக்கு, உன் மச்சினன் ஓட்டினானா?" என்பார். வண்டிக்காரன் வாயைப் பிளப்பான். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போகும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் தையலை நிறுத்திவிட்டு ஓட்டையில் தலையை நீட்டியிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது அந்த மூக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அவர் சொல்லவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே நுழைந்தால் வீடு முழுக்க கேஸ் நெடி. அடுப்புத் திருகு திறந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே, கொசுவத்தி ஏற்றுவதற்காகத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் பாய்ந்து போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினாள். திருகை மூடினாள். ஜன்னலெல்லாம் திறந்தாள்.

"ஏன் இப்படி ஜன்னலத் தொறக்குற?" என்று அவர் கேட்டார். ஒன்றும் தெரியாத முகம்.

"புழுக்கமா இருக்கு" என்றாள். தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்கப்புறமும் மனசு ஒப்பவில்லை. ஒரு வெங்காயத்தை இரண்டாக அரிந்து அவர் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். கண் எரிந்து அவள் அழுதுகொண்டிருக்க, வெங்காயத்தின் மேல் தலைவைத்த மனுஷன் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அந்த அழுகையில் வெங்காயத்துக்கு எவ்வளவு பங்கு, அவளுக்கு எவ்வளவு பங்கு என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

கேட்கலாம்தான். கேட்டால் அவர் உடைந்துபோவார். இன்றும் அவர் பானெட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடிக் குனிகிறார். எஞ்சின் சத்தத்தை வைத்தும், எங்கே பிசுக்கு என்று விரலால் தடவியும் எதையோ யூகித்துச் சொல்கிறார். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. இருந்தாலும் அந்தச் சின்னப் பெருமை மட்டும் முகத்துக்கு வருவதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

முன்பெல்லாம் ஷெட்டு வாசனையைப் பற்றி அவளுக்கு ஒரே வார்த்தைதான்: நாத்தம். இந்த நாத்தத்தில் எப்படித்தான் நிற்கிறீர்களோ என்று ஓட்டை வழியாக ஒரு நாளைக்கு ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் செரிக்காது. காய்ச்சலுக்கு அப்புறம் அந்தப் புலம்பலில் விவரம் சேர்ந்தது. "ஐயோ, இன்னைக்கு என்ன இப்படி இனிச்ச வாடை" என்பாள். அவர் ரேடியேட்டரைப் பார்ப்பார். "அழுகின வெங்காயம் மாதிரி குமட்டுது" என்பாள். அவர் கியர் பாக்ஸுக்கு அடியில் படுப்பார்.

இந்த வாசனைகளை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டைகளைத் துவைக்கிறவள் அவள். கியர் ஆயில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பிரேக் ஆயில் மருந்துக்கடை நெடி. பெட்ரோல் வெயிலில் போட்டால் ஓடிவிடும். எரிந்த எஞ்சின் ஆயில் கருகிய வாணலி மாதிரி காலர் மடிப்பில் ஒளிந்துகொள்ளும். சட்டையை மோந்து பார்த்தே அன்றைக்கு அவர் எந்த வண்டியோடு மல்லுக்கட்டினார் என்று சொல்லிவிடுவாள்.

இத்தனைக்கும் இந்த ஏற்பாடு அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மட்டும் அவள் ஓட்டைப்பக்கம் இல்லை. சின்னவனுக்கு மலை தாண்டி ஒரு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே குடும்பத்தோடு போகிறான். சாமான் கட்ட ஒத்தாசைக்கு அவள் அவன் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். ஆயில் ஒழுகுகிறது என்றிருக்கிறான். அவர் பார்த்து, எஞ்சின் மேல்மூடியின் பேக்கிங் போயிருக்கிறது என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். இன்று சாயங்காலம் கிளம்ப வேண்டிய வண்டி, மத்தியானமே திரும்பி வந்து அட்டையில் ஒழுகுகிறது. 'மூக்கு' ஷெட்டிலிருந்து போன வண்டி அதே கோளாறோடு திரும்பியது இதுதான் முதல் தடவை.

மலைப்பாதை. முன் சீட்டில் தம்பி பெண்டாட்டி மடியில் கைக்குழந்தை. ஏற்றத்தில் ஆயில் வற்றி எஞ்சின் இறுகிவிட்டால்? வளைவில் வண்டி செத்து நின்றுவிட்டால்? 

ஓட்டை வழியாக மூச்சை இழுத்தாள். வண்டி இப்போதுதான் ஓடி வந்து நின்றிருந்தது, சூடு ஆறவில்லை. கருகிய வாணலி. சந்தேகமே இல்லை, எஞ்சின் ஆயில். அதோடு இன்னொன்றும் கலந்திருந்தது. ரப்பர் வேகும் வாசம். இரண்டும் மேலேயிருந்து வரவில்லை. வண்டியின் முகத்துப் பக்கமிருந்து, கீழேயிருந்து வந்தன.

அவர் படுத்திருந்ததோ நடு எஞ்சினுக்கு அடியில்.

வழக்கம்போலப் புலம்பலாம் என்று வாயைத் திறந்தாள். சின்னவன் நிற்கிறானே. எமகாதகன், ஒரு வார்த்தையில் மொத்தத்தையும் பிடித்துக்கொள்வான்.

"ஏன்டா, அங்க உன் பொண்டாட்டி ஒத்த ஆளா மூட்ட கட்டிட்டிருக்கா. இங்க நின்னு பழம் தின்னுகிட்டு மாமாவ நொட்டை சொல்றியா? போய்க் கூட நில்லு."

"வண்டி?"

"வண்டி உன்ன விட்டு ஓடிடாது. ஓடற நிலமையிலயா இருக்கு?"

"அக்கா, உன் புருஷன விட்டுக்கொடுக்கவே மாட்டியே" என்று தோலை வீசிவிட்டு அவன் போனான். தோல் கூடையில் விழவில்லை. அதையும் அவள்தான் எடுத்துப் போட வேண்டியிருந்தது.

ஷெட்டுக்குள் வந்து வண்டியைச் சுற்றி நடந்தாள். முன்பக்கம் வந்ததும் வாசம் பலத்தது. தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். யாருமில்லை. ஒரு அட்டையை எடுத்து விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திய வண்டிக்கு அடியில் அவரருகே ஊர்ந்து போய் மல்லாந்து படுத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டிக்கு அடியில் அவள் படுப்பது இதுதான் முதல் முறை.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கை விளக்கு வெளிச்சத்தில் முகம் சாம்பலாக இருந்தது.

"நீ எதுக்கு இங்க? துணியெல்லாம் போச்சு."

"துவைக்கிறது நான்தான."

இருவரும் எஞ்சினின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

"என்னங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இங்க இல்லீங்க. இன்னும் முன்னால. எஞ்சின் ஆயில்தான், ஆனா கூடவே ரப்பர் வேகுற வாசம் வருது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது உடைந்தது. இனி அவர் கத்துவார். அல்லது எழுந்து போய்விடுவார்.

அவர் கத்தவில்லை.

"நேத்து அந்த ஓட்டைப்பக்கம் நீ இல்ல" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நேத்து நீ இல்ல. அதான் தப்பாப் போச்சு. மேல எல்லாம் எண்ணெயா இருந்தது, மேல்மூடிதான்னு நினைச்சேன். நீ ஏதாவது சொல்லுவேன்னு ரெண்டு தடவ அந்த ஓட்டையப் பாத்தேன். மெஷின் மட்டும் இருந்தது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எப்பவும் நாத்தம்னு ஒரே வார்த்தையில முடிப்ப. திடீர்னு சமையல்காரி மாதிரி இனிப்பு, கசப்பு, கருகல்னு வகைவகையா சொன்னா தெரியாதா? மூக்குதான் போச்சு. மூளையுமா போச்சு?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

அவர் கை விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"கேட்டா நீ நிறுத்திடுவியோன்னு பயம்."

அவளுக்குக் கண் நிறைந்து, மல்லாந்து படுத்திருந்ததால் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று. காதுக்குள் கண்ணீர் போனால் கூசும். கூச்சத்தில் சிரிப்பும் வந்தது. அவர் துடைக்கக் கையை நீட்டி, கையெல்லாம் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, புறங்கையால் துடைத்தார். அப்படியும் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது.

"அந்த வெங்காயம் நீ வச்சதுதான?" என்றார்.

"தூங்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"காலையில தலைக்கடியில நசநசன்னு இருந்தது. இவ என்ன, தூக்கத்துல சமைக்கிறாளான்னு பாத்தேன்."

அடியில் கிடந்தபடி இருவரும் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியது. "சரி, சொல்லு. எங்க?"

அவள் குதிகாலை உந்தி முன்னால் நகர்ந்தாள். அவர் விளக்கோடு கூட நகர்ந்தார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சின்னச் சல்லடைப் பெட்டி தெரிந்தது, ஆயில் கூலர். எஞ்சினுக்குள் சுற்றிச் சூடான ஆயில் அங்கே வந்து காற்றில் ஆறித் திரும்பும் என்று அவர் சொன்னார். போக ஒரு குழாய், வர ஒரு குழாய். பாதி இரும்பு, பாதி ரப்பர். இரண்டும் சேருமிடத்தில் ஒரு உலோக வளையத்தை வைத்து அமுக்கியிருப்பார்கள்.

"இங்க" என்று அவள் விரலை நீட்டினாள். மூக்கு அதற்குமேல் போகமாட்டேன் என்றது.

அவர் விளக்கைப் பிடித்தார். ரப்பர் குழாய் மேல் தடியாக ஒரு கறுப்பு உறை. பிசுக்கும் மண்ணும் அப்பிக் கம்பெனியில் போட்டதைப் போலவே இருந்தது. யார் கண்ணும் அதைத் தாண்டித்தான் போகும். அவர் கத்தி முனையால் கீறினார். உறை அவிழ்ந்தது. உள்ளே கம்பிக்கட்டு. அதற்குக் கீழே சுற்றுச் சுற்றாகச் சைக்கிள் டியூப், வெந்து பிசினாகியிருந்தது. கடைசிச் சுற்றை உரித்ததும் அமுக்கிய வளையத்தின் விளிம்பில் எண்ணெய் முத்து முத்தாக அரும்பியது.

"டியூப்" என்றார் அவர். "சைக்கிள் டியூப்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. திட்டு வரப்போகிறது.

வந்தது. டியூபில் ஆரம்பித்து, அதைச் சுற்றிய கையை, அந்தக் கைக்குச் சோறு போட்ட தன் கையை, எல்லாரையும் வரிசையாகத் திட்டினார். ஓடும்போது இதன் வழியாகக் கசியும் ஆயிலைக் காற்று பின்னால் வாரி எஞ்சின் முழுக்கப் பூசியிருக்கிறது. அதனால்தான் மேலேயிருந்து வழிந்த மாதிரி ஏமாற்றியிருக்கிறது. அவள் அட்டையில் படுத்தபடி பாட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன் போட்டதும் சின்னவன் வந்து சேர்ந்தான். அவர் வெந்த டியூபை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அது வந்து மாமா, போன வாரம் ரோட்டுல லேசா கசிஞ்சது. கூட வந்த டிரைவர் ஒருத்தன் சுத்திக் குடுத்தான். நின்னுடுச்சுன்னு நினைச்சேன். நேத்து ஒழுகினது வேற எடம்னு..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கட்டு வைத்தியம்னா நீங்க வெட்டிப் போட்டுடுவீங்களே."

"வெட்டலாம்தான். உன் அக்காவுக்கு யார் பதில் சொல்றது? ஓடு. கூலர் லைன் ரெண்டும் ஜோடியா வாங்கிட்டு வா, ரப்பர் வளையத்தோட. கிளிப்பு வச்சு இறுக்கற வெறும் ரப்பர் ஹோஸ் குடுத்தா மூஞ்சியில வீசிட்டு வா. சூடான ஆயிலு தள்ளுற தள்ளுக்கு அது பிச்சிகிட்டுப் போயிடும்."

அவன் பாகங்கள் விற்கும் கடைக்குப் போய்வருவதற்குள் எஞ்சின் ஆறியது. அவர் ஆயிலை வடித்தார். புது லைன் வந்ததும் பழையதைக் கழற்ற உட்கார்ந்தவர், சின்னவன் பக்கம் திரும்பாமல், "நீ வா" என்று அவளைக் கூப்பிட்டார்.

ஒரு ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தார். "இந்தக் கூலர் கழுத்து மெலிசு. நட்டைத் திருப்பும்போது கழுத்தும் சேந்து முறுக்கிக்கும். அதனால ஒருத்தர் இதை அசையாமப் பிடிக்கணும், ஒருத்தர் அதைத் திருப்பணும். நீ பிடி."

"நான் வேணும்னா பிடிக்கிறேன் மாமா" என்றான் சின்னவன்.

"நீ அந்த டியூபப் பிடி."

அவள் பிடித்தாள். அவர் திருப்பினார். நட்டு முரண்டு பிடித்தது. ஸ்பேனர் வழியாக அவர் வலு அவள் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். 'டக்'கென்று இளகியது. பழைய லைனை உருவியதும் அவர் விரலை உள்ளே விட்டுத் தடவினார். பழைய ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புதுசைப் போட்டால் மறுபடியும் ஒழுகும் என்று சொல்லி, அதைப் பதமாக நெம்பி எடுத்தார். புது வளையத்துக்கு எண்ணெய் தொட்டுப் பூசினார். நட்டை முதலில் விரலாலேயே ஓட்டினார். மரை சரியாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனர். "இப்பவும் பிடி" என்றார். புதுக் குழாய் பெல்ட்டில் உரசாதபடி ஒதுக்கி, அதன் கிளிப்புகளில் அமர்த்தினார். அவர் முகத்தில் வேர்வை ஓடியது. காய்ச்சலுக்கு அப்புறம் அந்த முகத்தை இவ்வளவு தெளிவாக அவள் பார்க்கவில்லை.

புது ஆயில் ஊற்றி வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். சூடேறும் வரை ஓடவிட்டு, சின்னவன் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டான். அணைத்த பிறகு அவர் ஒரு வெள்ளைத் துணியால் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்ததற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"மாமா" என்றான் சின்னவன். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை. "ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லிடுங்க. குழந்தைய வச்சுகிட்டு மலை ஏறப் போறேன். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தைரியம்."



அவர் பானெட் முன்னால் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை மூடிக் குனிந்தார். தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணைத் திறந்தால் தலையசைத்துக் காட்டலாம் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றுமில்லை, சுத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பும். வண்டியும் போகும்.

அவர் குனிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டார்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு மாப்ள."

சின்னவன் சிரித்தான். சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவன் சிரிப்பு வழியில் நின்றது.

"காய்ச்சலோட போச்சு. ஒண்ணும் தெரியல. சோறு கூட மண்ணு மாதிரிதான் இருக்கு. நேத்து உன் வண்டியத் தப்பாப் பாத்தேன். இன்னைக்குக் கண்டுபிடிச்சது உன் அக்கா. எல்லாத்துலயும் கண்ணாமூச்சி ஆடலாம், அந்தக் குழந்தை உக்காரப் போற வண்டியில ஆட முடியாது. அவளக் கேளு. அவ சொன்னா எடுத்துட்டுப் போ."

மத்தியானம் சொன்ன நக்கலெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சின்னவனை அறைந்திருக்க வேண்டும்.  கையிலிருந்த டியூபை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

"மாமா, நான் தெரியாம..."

"நீ பேசலேன்னாதான்டா எனக்குப் பயம். உனக்கும் காய்ச்சலோன்னு."

அவள் முன்னால் வந்தாள். கணவர் நின்ற இடத்தில் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். அது அவருடையது, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். குனிந்து மூச்சை இழுத்தாள். சூடான இரும்பு. புது ரப்பர். டப்பாவிலிருந்து இப்போது ஊற்றிய எண்ணெயின் பச்சை வாசம். கருகல் எங்கேயும் இல்லை.

"சுத்தமா இருக்கு" என்றாள். "தாராளமா போ."

சொன்னவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில், எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த அந்தச் சின்னப் பெருமை வந்து உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டி, பெண்டாட்டி பிள்ளையோடு சின்னவன் சொல்லிக்கொண்டு போக வந்தான். ஷெட் வாசலில் வண்டி நின்றது. தம்பி பெண்டாட்டி ஜன்னல் வழியாகக் குழந்தையை நீட்டினாள். அவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். காய்ச்சலுக்கு அப்புறம் பிறந்த குழந்தை அது. வாங்கிய வேகத்தில், பழக்கதோஷம், அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

அவள் பக்கத்தில் வந்து அந்தத் தலையில் தன் மூக்கை வைத்தாள்.

"பால் வாசம்" என்றாள் மெதுவாக. "காலையில போட்ட பவுடர் கொஞ்சம் மிச்சம் இருக்கு. கழுத்து மடிப்புல வேர்வை, மழையில நனைஞ்ச துணி காஞ்ச மாதிரி. அப்புறம் நம்ம சின்னவன் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவன் தலையில ஒண்ணு அடிக்குமே, ஞாபகம் இருக்கா? கொஞ்சம் அதுவும்."

"அதுக்குப் பேர் அழுக்கு" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்க்கா. மாமா, அந்த ஊர்ல டாக்டருங்க இருப்பாங்க. விசாரிக்கிறேன்."

"முதல்ல ஆயில் அளவ விசாரி. நடுவுல நிறுத்திக் கம்பிய உருவிப் பாரு. டியூப் கட்றேன்னு எவனாவது வந்தா ஓடிடு."

குழந்தை மடிக்குத் திரும்பியது. வண்டி முனகிக் கிளம்பித் தெரு முனையில் திரும்பி மறைந்தது. அவர் குனிந்து, அது நின்ற இடத்தில் போட்டிருந்த புது அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அவளிடம் நீட்டினார். அவள் அதை மோந்து பார்த்துத் தலையசைத்தாள்.

"புகை வாசம் வருதா?" என்று தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"வருது. நல்ல புகைதான். போயிடுச்சு."

இருவரும் உள்ளே வந்தார்கள். அவர் தகரக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.